மாற்று மடி

என் வீட்டுக்காரருக்கு, அடுத்தவர்களுக்குக் குறிக்கோள் எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் தொழில். இந்த மராத்திக்காரர் ஊரில், விமான் நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஏ.ஐ. ஏஜென்ட்டுகளைப் பழக்குகிறார். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை. ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் தானாகவே மெசேஜ் அனுப்பி, பதில் வாங்கி, பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்டு, முடித்துவிட்டு வந்து நிற்கிற கம்ப்யூட்டர் புரோகிராம். "அதுகிட்ட என்ன வேணும்னு தெளிவா சொல்லணும் கீர்த்தி. முக்கால்வாசிப் பேருக்கு என்ன வேணும்னே தெரியாது. அங்கதான் ப்ராப்ளம்" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார் சூர்யா. ரசமா மோரா என்று கேட்டால் மட்டும் "ஏதோ ஒண்ணு ஊத்து" என்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

எங்கள் மகள் வைஷுவுக்கு ஆவணியில் காது குத்துவது என்று முடிவானது. எனக்கு அதில் ஒரே ஒரு ஆசை. பிள்ளை என் அண்ணன் மாடசாமியின் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டும். தாய்மாமன் மடி எல்லா வீட்டிலும் உள்ள முறைதான். ஆனால் எனக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள போபோடி சந்துக்குள் ஒற்றை அறை வீடு ஒன்றும், அதில் அண்ணனும் சரசா மதினியும்தான் மிச்சம். கட்கி தொழிற்சாலையில் அப்பாவுக்கு இருந்த நிரந்தர வேலை அண்ணனுக்கு வாய்க்கவில்லை. காண்ட்ராக்டில் போய் வருகிறான். நான் விமான் நகருக்குக் குடிபோன பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதை அவன் மெல்லக் குறைத்துக்கொண்டான். "ஒங்க பில்டிங் வாட்ச்மேன் என்னய நிக்க வச்சுக் கேள்வி கேக்கான்ட்டி" என்பான். அந்த விலகல் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தக் காதுகுத்தோடு அது சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன்.

விழா வேலையெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும் என்று சூர்யா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பேட்டி எடுத்தார்.

"சொல்லு, இந்த ஃபங்ஷன்ல உனக்கு என்ன வேணும்?"

"எல்லாம் நல்லபடியா நடக்கணும்."

"நல்லபடியான்னா?"

"நல்லபடியான்னா நல்லபடியாத்தான்."

"அரே, இது குறிக்கோளே இல்ல கீர்த்தி. அளக்க முடியணும்."

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் மனசில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. சம்பந்தம் பேசும்போதுகூட "ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யதச் செய்யுங்க" என்றுதான் சொல்வார்கள். செய்யாமல் விட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார வேண்டும் என்பதை ஒரு தாய் தன் புருஷனிடம் சொல்லவும் வேண்டுமா?

அவர் தட்டி முடித்து வாசித்தும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு கட்கி அம்மன் கோவில் ஹாலில் விழா தொடங்க வேண்டும். முகூர்த்தம் தாண்டுவதற்குள் காது குத்தி முடிய வேண்டும். நூற்றிருபது பேர் வருகை உறுதியாக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் தாமதம் கூடாது. பொறுப்பேற்ற யாராவது உறுதி சொல்லாவிட்டால் உடனே மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். கீழே, யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று நான் சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டார். சமையலுக்கு இன்னார், போட்டோவுக்கு இன்னார், காது குத்த கட்கி பஜாரில் நகை செய்கிற பெரியவர் சோனார் காக்கா, மடியில் வைத்துக்கொள்ள மாடசாமி.

"பாத்தியா, எவ்வளவு கிளியரா இருக்கு!" என்று அவரே மெச்சிக்கொண்டார். எனக்கும் அப்போது அதில் குறை தெரியவில்லை.

தாய்மாமனை முதலில் அழைக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தட்டில் பழம் வெற்றிலை பாக்கு வைத்துப் போய்க் கூப்பிட்ட பிறகுதான் மற்ற யாரிடமும் வாயைத் திறக்கலாம். விழாவுக்கு ஒரு வாரம் முந்தின ஞாயிறு போபோடிக்குப் போவோம் என்று சூர்யாவிடம் சொல்லியிருந்தேன். "போலாம் போலாம்" என்றார். ஆனால் அந்த ஏஜென்ட்டுக்கு ஞாயிறு வரைக்கும் பொறுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. வியாழக்கிழமை நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் பக்கத்து சீட்டு ராஜி போனைக் காட்டி, "கீர்த்தி, உன் பொண்ணுக்குக் காதுகுத்தா? சொல்லவே இல்ல!" என்றாள். பாக்கெட் பால் போடுகிறவருக்கும் அதே நேரத்தில் அதே மெசேஜ் போயிருந்தது. அன்புடையீர் என்று ஆரம்பித்து, வருகையை உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும் என்று முடிந்தது.

என் அண்ணனுக்கும் அதேதான். பால்காரருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

சாயந்தரம் சரசா மதினி கூப்பிட்டாள். "கீர்த்தி, ஒங்க அண்ணன் மெசேசப் பாத்துட்டு போனக் கவுத்து வச்சிட்டாவ. காப்பி குடுத்தேன், ஆறிப் போய்க் கெடக்கு."

ஞாயிறு வரை காத்திருக்க மனசு கேட்கவில்லை. மறுநாளே தட்டை எடுத்துக்கொண்டு போபோடிக்கு ஓடினேன். சூர்யாவுக்கு வெளிநாட்டுக் கிளையன்ட்டோடு மீட்டிங்காம், வரவில்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் மூச்சு விடாமல் பேசினேன். அது மிஷின் அண்ணே, நாங்க அனுப்பல, தன்னால போயிட்டு, எல்லாத்துக்கும் ஒண்ணாப் போயிட்டு, அவரும் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டார். எல்லாம் சொன்னேன். அண்ணன் தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தான்.

"சரிட்டி. பாக்கலாம்" என்றான்.

எங்கள் ஊர்ப்பக்கம் "பாக்கலாம்" என்றால் மாட்டேன் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து சூர்யாவிடம் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "டென்டேட்டிவ்னு போட்டுக்கறேன்" என்றார். கையில் இருந்த தேங்காயை அவர் தலையில் உடைக்காமல் விட்டது வைஷு பக்கத்தில் இருந்ததால்தான்.

அதற்குப் பிறகு அந்த ஏஜென்ட் அண்ணனை விடவில்லை. காலையில் ஒரு நினைவூட்டல், மாலையில் ஒன்று. தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். தங்கள் பதில் இன்னும் வரவில்லை. கடனைத் திருப்பிக் கேட்கிற பேங்க்காரன் மாதிரி. எனக்கு அப்போது அது ஒன்றும் தெரியாது. பூ, மாலை, புடவைக்கு ஃபால்ஸ் என்று அலைந்துகொண்டிருந்தேன். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் சங்கரன் போன் செய்தான். சங்கரன் என் பெரியப்பா மகன், பேங்க்கில் வேலை, நல்லவன். எந்த மெசேஜ் வந்தாலும் அடுத்த நிமிஷமே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற ஆள்.

"கீர்த்தி, ரொம்ப சந்தோசம்மா. வைஷுவ மடியில வைக்க என்னயக் கூப்பிட்டியே, எனக்கு ஒண்ணும் ஓடல. பட்டு வேட்டி எடுத்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சூர்யாவிடம் ஓடினேன். லேப்டாப்பை அவர் முன்னால் வைத்துத் திறக்கச் சொன்னேன். அதில் எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. மாடசாமி, பொறுப்பு மடி, பதில் இல்லை. நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டன. மாற்று ஏற்பாடு, விருந்தினர் பட்டியலில் மாமா முறை, சங்கரன், உறுதி. அதற்கும் கீழே, என் அண்ணனுக்கு அது அனுப்பிய கடைசி மெசேஜ்: "தங்கள் சூழ்நிலையைப் புரிந்துகொள்கிறோம். தங்கள் பொறுப்பு வேறொருவருக்கு மாற்றப்பட்டுள்ளது. தாங்கள் விருந்தினராக விழாவில் கலந்துகொள்ளலாம்."

விருந்தினராக! என் பிள்ளையின் காதுகுத்துக்கு என் கூடப்பிறந்தவன் விருந்தாளி!

"நான் அந்த மாற்று ஏற்பாடு லைன சமையல்காரர், போட்டோகிராபருக்காகத்தான் எழுதினேன்" என்றார் சூர்யா. "போன வருஷம் வைஷு பர்த்டேக்கு போட்டோகிராபர் கடைசி நேரத்துல வரலையே, அதுக்காக."

"அண்ணனும் சமையல்காரரும் ஒண்ணா?"

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் நானும் கேக்கேன். அதுக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒண்ணுகிட்ட எதுக்கு எங்க அண்ணனக் குடுத்தீய?"

"சங்கரனும் மாமா முறைதானே கீர்த்தி..."

நான் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு வேறொன்று சொன்னார். "நான் உன்கிட்ட கேட்டேன்ல, உனக்கு என்ன வேணும்னு? நல்லபடியா நடக்கணும்னு மட்டும்தானே சொன்ன."

அது உண்மை. உண்மை என்பதால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. கத்தினேன். பக்கத்து ஃப்ளாட் மராத்திக்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் போனை எடுக்கவில்லை. மதினிதான் எடுத்தாள். "இப்ப வராத தாயி. ரொம்பக் கோவத்துல இருக்காவ. வந்தா வார்த்த தடிச்சிரும். விடியட்டும், நான் எப்படியும் கூட்டிட்டு வாரேன்" என்றாள். நானும் நம்பினேன். ஏஜென்ட்டைத் திருத்தி மறுபடி மாடசாமி பேரையே போட்டுவிட்டேன் என்று சூர்யா சொன்னார். சங்கரனிடம் நான் பேசவில்லை. பட்டு வேட்டி எடுத்தவனிடம் என்னவென்று சொல்வது? அண்ணன் வந்து நின்றால் சங்கரன் தானாகவே நகர்ந்துவிடுவான் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் ஒரு குறை இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையல்காரர் நேரத்துக்கு வந்திருந்தார். பூ வந்திருந்தது. நாற்காலிகள் வரிசையாக இருந்தன. இட்லி சூடாக இருந்தது. சோனார் காக்கா தன் சின்னப் பெட்டியைத் திறந்து தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியோடு சங்கரன் மணையில் உட்கார்ந்து, போட்டோகிராபர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பிச் சிரித்தான். சொன்னதையெல்லாம் அந்த ஏஜென்ட் நிறைவேற்றிவிட்டது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி வந்தாள். தனியாக வந்தாள். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சின்ன டப்பாவைக் கையில் வைத்தாள். உள்ளே வைஷுவுக்கு ஒரு ஜோடி கம்மல்.

"செய்மொறையக் குடுத்துட்டு வான்னு அனுப்பிட்டாவ" என்றாள். "எவ்வளவோ சொன்னேன் கீர்த்தி. நகரவே மாட்டேங்காவ."

வராமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கம்மலை அனுப்பிவிட்டு அவன் வராமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. எனக்குச் செய்ய வேண்டிய கடமையை முடித்து, கணக்கைத் தீர்த்துவிட்டான். இனிமேல் நல்லது கெட்டதுக்கு எல்லாம் இப்படித்தான், டப்பாதான் வரும்.

"தாயி, முகூர்த் நிகூன் சால்லாய்" என்றார் சோனார் காக்கா. முகூர்த்தம் போகிறதாம். யாரோ வைஷுவைத் தூக்கிச் சங்கரன் மடியில் வைத்தார்கள். பிள்ளைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, என் பக்கம் பார்த்தாள். சூர்யாவின் போன் டிங் டிங் என்று அடித்தது. இன்னும் இவ்வளவு நேரம்தான் இருக்கிறது என்று அந்த ஏஜென்ட் நினைவூட்டுகிறது போல. காக்கா கம்பியை எடுத்துவிட்டார்.

நான் போய் வைஷுவைத் தூக்கிக்கொண்டேன்.

"என்னாச்சு கீர்த்தி?" என்றான் சங்கரன்.

"தப்பா நெனைக்காதீய சங்கரண்ணே. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. காக்கா, சலா மாஜ்யாபரோபர்."

என்னோடு வாருங்கள் என்றதும் காக்கா குழம்பிப்போய் எழுந்து நின்றார். ஹாலில் பேச்சு நின்றது. சூர்யா ஓடி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கீர்த்தி, நூத்தியிருபது பேர் உட்காந்திருக்காங்க!"

"பந்தி போடச் சொல்லுங்க."

"முகூர்த்தம்?"

"போவட்டும்."

"உனக்கு என்னதான் வேணும்? ஒரே வரில சொல்லு, நான் பண்றேன்."

"எம் பிள்ள எங்க அண்ணன் மடியில ஒக்காரணும். எங்க வச்சு, எத்தன மணிக்கு, எத்தன பேரு முன்னாலங்கறதெல்லாம் எனக்கு வேண்டாம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். அவர் என்னையே பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"மிஷினுக்குச் சொல்லணும், சரி. நீங்க மனுசன்தான? ஒங்களுக்குமா சொல்லணும்?"

அவர் சமையல்காரரிடம் பந்தி போடச் சொன்னார். பைக் சாவியைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஆட்டோவில் நான், வைஷு, மதினி, பெட்டியை மடியில் இடுக்கிக்கொண்ட காக்கா. கணபதிக்குப் பந்தல் போட்டு ரோட்டைப் பாதி அடைத்திருந்தார்கள். டோல் மேளம் அடித்துப் பழகுகிற பையன்கள் நகரவே இல்லை. ஆட்டோக்காரர் ஹிந்தியில் அவர்களைத் திட்டினார், நான் தமிழில் திட்டினேன். மதினி மட்டும், "ஒங்க அண்ணன் எதாவது சொல்லிட்டா மனசுல வச்சிக்கிடாத" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அண்ணன் லுங்கியோடு தரையில் உட்கார்ந்து பழைய ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தான். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன்தான் என்று மதினி பிறகு சொன்னாள். எங்களைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, அந்த கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டரப் பத்தி அன்னைக்கே சொல்லிட்டட்டி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு மணி நேரம் அதப் பத்தித்தான் சொன்ன. தட்டு வச்ச, பழம் வச்ச. 'அண்ணே, நீ வரணும்'னு ஒரு வார்த்த சொன்னியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். மிஷின் என்றேன், மீட்டிங் என்றேன், தன்னால போயிட்டு என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று இருந்திருக்கிறேன், அவனிடமும்.

வாசலில் பைக் நின்றது. சூர்யா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பேச்சு அவருக்குத் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது.

"மச்சான், அந்த மெசேஜ மிஷின் அனுப்பிச்சுது. ஆனா அதுக்கு ஆர்டர் எழுதினது நான். டைம் எழுதினேன், நூத்தியிருபது பேர்னு எழுதினேன். சமையல்காரர் பேரோட உங்க பேரையும் போட்டேன், நீங்க வந்தே ஆகணும்னு நான் எழுதல. மிஷின் தப்பு இல்ல."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஹால்ல எல்லாரும் இருக்காவளே மாப்ள, அவுகள என்ன செஞ்சீய?"

"சாப்பிடறாங்க."

"அண்ணே" என்றேன். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வந்த அழுகையில் பாதி கோபம்தான். "நீ வேணும். ஒம் மடியிலதான் எம் பிள்ளைக்குக் காது குத்தணும். ஒன்னய விட்டா எனக்கு யாரு இருக்கா? வேற யார் மடியும் வேண்டாம், சங்கரண்ணன் தங்கமா இருந்தாலும் வேண்டாம். நீ வரலன்னா அவ காது மூளியாவே இருக்கட்டும்."

அவன் எழுந்தான். ஃபேன் துண்டுகளைக் காலால் ஒதுக்கினான். கொடியில் கிடந்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து, சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

வைஷு பாய்ந்து போய் உட்கார்ந்தாள். முதல் காதில் கம்பி ஏறியதும் சந்தே அதிரும்படி கத்தினாள். அண்ணன் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "ஜாலா, ஜாலா", ஆச்சு ஆச்சு என்று காக்கா சமாதானப்படுத்தி இரண்டாவது காதையும் முடித்தார். அண்ணனுக்குக் கண்ணீர் கன்னத்தில் ஓடியது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருந்தன.

சூர்யாவின் போன் அடித்தது. ஹாலிலிருந்து யாரோ, விழா எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்கிறார்கள். "முடிஞ்சுடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போனை அணைத்துப் பையில் போட்டார்.

வைஷுவின் விசும்பல் கொஞ்சம் அடங்கியது. அண்ணன் அவள் காதில் மெல்ல ஊதிக்கொண்டே என்னிடம் கேட்டான். "ஏட்டி, அவ்வளவு பெரிய ஹாலப் பிடிச்சிட்டு, பிள்ளைக்குக் காது எங்க குத்துனீயன்னு நாளைக்கு நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"எங்க வீட்லன்னு சொல்லுவேன்" என்றேன்.

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளை வாயில் போடச் சீனி எடுத்து வரச் சொல்லி மதினியை அதட்டினான்.